சாம்பல்காரியின் முகம்

செப்டம்பர் 3, புதன்

வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் உடைந்தது. உடைத்தது நான் இல்லை. ஆனால் மிஸ் முதலில் என்னைத்தான் பார்த்தார். கண்ணாடி போட்டவள்தான் எதையும் தட்டிவிடுவாள் என்று ஒரு எண்ணம்.

அது போகட்டும். பெரிய செய்தி வேறு. மாலையில் ஜானட்டும் நானும் அப்பாவின் மண்டிக்குப் பின்னால், அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து ‘உப்பங்கழி’ ஐந்தாம் இதழைப் பற்றிப் பேசினோம். இந்த முறை அட்டை கலரில்! ஜானட்டின் சித்தப்பாவுக்கு ராயபுரத்தில் பிரஸ் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கட்சி நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். பெரிய தாளில் பத்திரிகை அடிக்கும்போது ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் எங்கள் அட்டையையும் சேர்த்து அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே வழக்கம்போல ஜெராக்ஸ்தான். பரவாயில்லை. அட்டை கலர்!

நவம்பரில் நூலக வார விழா. திருவொற்றியூர்க் கிளை நூலகத்து வாசலில் மேசை போட்டுக்கொள்ள நூலகர் சம்மதித்துவிட்டார். இதுவரை எங்கள் காமிக்ஸை வகுப்புக்கு வெளியே யாரும் படித்ததில்லை.

சாம்பல்காரி என்னுடையவள். எட்டாம் வகுப்பில் காய்ச்சலில் படுத்திருந்தபோது எனக்குத் தோன்றியவள். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளத்திலிருந்து எழுந்து, கடைசி பஸ்ஸில் இறங்கி நடப்பவர்களுக்குப் பின்னால் வருவாள். அவள் யாரைப் பார்க்கிறாளோ அவர்கள் விரல் நுனியிலிருந்து சாம்பலாக உதிர்வார்கள். நான்கு இதழ்களுக்கும் கதை நான், படம் நான், அட்டை நான். ஜானட்டின் வேலை திருத்துவது, சண்டை போடுவது, விற்பது.

இந்த இதழுக்குப் பெயர் வைத்தாயிற்று: ‘சாம்பல்காரி பார்க்கிறாள்.’

தூக்கம் வரப்போவதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

விலங்கியல் மிஸ் ஒரு ரெக்கார்டு நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். இறால் படம். என்னுடையது என்று நினைத்துப் பாதி எழுந்துவிட்டேன். கன்னியம்மாவுடையது.

கன்னியம்மா ஜூனில்தான் எங்கள் பள்ளிக்கு வந்தாள். காத்திவாக்கத்துப் பெண். அவள் அப்பா கழியில் இறால் பிடிக்கிறவர். கடைசி பெஞ்சு, ஓயாத வாய், அடுத்தவர் டிபன் பாக்ஸில் கை. இதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை.

என் இறால் பாடப்புத்தகத்தில் உள்ளது போல அப்படியே இருக்கும். பாகம் குறிக்கும் கோடுகள்கூட ஸ்கேல் வைத்துப் போட்டவை. அவளுடையது — எப்படிச் சொல்வது — இன்னும் கொஞ்சம் பார்த்தால் துள்ளிவிடும் போல இருந்தது. மீசை தாளின் ஓரம் வரை போய் மடிந்திருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் வரைந்திருக்கிறாள்! ஒரு பாகம்கூடக் குறிக்கவில்லை.

“எத்தப் பாத்துடி வரைஞ்ச?” ஜானட் கேட்டாள்.

“இறாலப் பாத்து. வேற எத்தப் பாப்பாங்க?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஜானட் என் காதருகில், “செல்வி, செமயா வரையறா இல்ல?” என்றாள்.

பாகம் குறிக்கவில்லை என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

பாகம் குறிக்காததற்கு அரை மதிப்பெண்தான் குறைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஜானட் என்னைக் கேட்காமலே அவளிடம் சொல்லிவிட்டாள். மதியம் கன்னியம்மா எங்கள் பெஞ்சுக்கு வந்து நடுவில் உட்கார்ந்தாள். நடுவில்!

“ரெண்டு பேரும் அட்ட வரைங்க. எது நல்லா கீதோ அது முன்னால, இன்னொண்ணு பின்னால. அவ்ளோதான்,” என்றாள் ஜானட், ஏதோ தோசையைத் திருப்பிப் போடுவது போல.

“பேய்க் கதையா?” கன்னியம்மா என் பழைய இதழ்களைப் புரட்டினாள். விரலில் என்னவோ குழம்பு. “எங்க சைடுல பேயே வராதுமே. வந்தா சாம்பல்ல அதுக்கே தும்மல் வந்துடும்.”

ஜானட் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு கன்னியம்மா மூன்றாம் இதழின் அட்டையில் நின்றாள். அதில் சாம்பல்காரி காற்றில் மிதந்து வருவாள். “இவ கால் தரையில படாதா?” என்று கேட்டாள்.

பேய்களுக்குக் கால் தரையில் பாவாது, எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் என்றேன்.

“அது வேற பேய். இவ சாம்பல்ல இருந்து தானே வர்றா? சாம்பல் மேல நடந்து பாத்துக்கிறியா நீ? கணுக்கால் வரைக்கும் பொதக்குனு உள்ள போவும். இவளால வேகமா வரவே முடியாது. மெதுவாத்தான் வருவா. ஆனா வந்துகினே இருப்பா. அதான் பேஜாரு.”

ஜானட் தன் கையைத் தேய்த்துக்கொண்டாள். புல்லரிக்கிறதாம்.

எனக்கும்தான். ஏன் எனக்கு இது தோன்றவில்லை? மூன்று வருடமாக என்னோடு இருக்கிறாள் சாம்பல்காரி. அவள் எப்படி நடப்பாள் என்று குழம்புக் கைக்காரி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலாண்டு விடுமுறை. மூன்று நாளாக அட்டை வரைகிறேன். சாதாரணமாக வரையவில்லை, முறையாக. என்னிடம் இருக்கும் பேய்ப் புத்தகங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டேன். ஒன்றிலிருந்து கோரைப்பல். ஒன்றிலிருந்து பறக்கும் கூந்தல். ஒன்றிலிருந்து முழுநிலவும் வௌவாலும். கீழே மண்டை ஓடுகள். அட்டை வரைவதில் சில விதிகள் இருக்கின்றன, அவற்றை நான் நான்கு இதழ்களில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன்: மேலே கால் பங்கு இடத்தைத் தலைப்புக்காகக் காலியாக விட வேண்டும். விளிம்பில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது, வெட்டும்போது போய்விடும். முதல் இதழில் சாம்பல்காரியின் கை அப்படித்தான் போனது.

எல்லாம் சரியாக வந்திருக்கிறது. சிவப்பு மட்டும் இரண்டு டப்பா தீர்ந்துவிட்டது.

அம்மா கரண்டியோடு வந்து பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

“நல்லா இருக்குட்டி. காளியாத்தாளா? இப்படித் தரையில போட்டு வச்சிருக்கியே, கால் படாதா?”

அக்டோபர் 7, செவ்வாய்

பள்ளி திறந்தது. கன்னியம்மா சார்ட் பேப்பரைச் சுருட்டி, மேலே பால் கவர் சுற்றிக் கொண்டுவந்தாள். பாதி முடிந்திருக்கிறது என்றாள்.

பெயிண்டே குறைவு. வீட்டருகிலிருந்து உண்மையான சாம்பலை அள்ளி வந்து, சலித்து, கோந்தில் குழைத்துப் பூசியிருக்கிறாள். அடியில் சாம்பல் வெளி, தூரத்தில் மின்கம்பிக் கோபுரங்கள், நடுவில் கழி ஒரு கறுப்புக் கோடாக. முன்னால் அவள். தாளை நிறைத்துக்கொண்டு, தோளும் கழுத்தும் கூந்தலும். தொட்டால் கையில் ஒட்டும் போல இருந்தது. நிலவு இல்லை, வௌவால் இல்லை. முகமும் இல்லை. முகம் வர வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

“மூஞ்சி அப்பால போடறேன்,” என்றாள்.

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஒரு மூலையிலிருந்து இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். ஒன்று: கூந்தல் தாளின் உச்சி வரை போகிறது. தலைப்புக்கு ஒரு விரல் இடம்கூட விடவில்லை. இரண்டு: தன் பெயரை வலது கீழ் மூலையில், விளிம்பை ஒட்டிப் போட்டிருக்கிறாள். கட்டிங்கில் போய்விடும்.

சொல்லவில்லை.

அவள் கேட்டாளா? கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 10, வெள்ளி

முகம் வரவில்லை! நான்கு நாளாக வரவில்லை.

“பாக்காம எனுக்கு வராது,” என்று புலம்புகிறாள். “கண்ணாடியில என் மூஞ்சியவே பாத்தேன். சிரிப்பு வந்துடுது.” ஜானட் பயங்கரமாக முகத்தை வைத்துக்கொண்டு மாடலாக நின்றாள். பல்வலி வந்தவள் போல இருந்தாள். வகுப்பில் வேறு சிலரும் மாடலாக நிற்க முயன்றார்கள். ஒருத்தி தும்மினாள், ஒருத்திக்குக் கால் வலித்தது.

என்னிடம் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றில் நிறைய முகங்கள் உண்டு. கொண்டுவருகிறாயா என்று ஜானட் கேட்டாள். அவை நூலகத்துப் புத்தகங்கள், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

பொய். மேசை மேலேயே இருக்கின்றன.

வராமலே போகட்டும். முருகா, வராமலே போகட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆறாம் வகுப்பிலிருந்து ஜானட் டிபன் பாக்ஸில் வறுத்த வஞ்சிரம் இருந்தால் பாதி எனக்கு. இன்று ஸ்பூனால் மூன்றாக வெட்டினாள். வால் பக்கத்துத் துண்டு எனக்கு வந்தது. ‘தோஸ்து, இந்தா’ என்று நடுத்துண்டை அவளுக்கு வைத்தாள்.

ஒரு மீன் துண்டுக்காகவா எழுதுகிறேன்? ஆமாம். ஒரு மீன் துண்டுக்காகத்தான்.

பள்ளி விட்டதும் இருவரும் தேரடி வரை பேசிக்கொண்டே போனார்கள். நான் பின்னால் நடந்தேன். சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதால் மூன்று பேர் சேர்ந்து நடக்க இடம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவள் எதைச் சொன்னாலும் ஜானட் சிரிக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவும் முடியவில்லை. முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். வகுப்பிலும் அப்படித்தான். பாடத்தைக் கவனிக்க நினைக்கிறேன், கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போகிறது. அவள் என்ன செய்கிறாள், என்ன வரைகிறாள், யாரிடம் காட்டுகிறாள்.

சில சமயம் அவளும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போல இருந்துவிடுகிறேன். துடைத்துக்கொண்டே பார்க்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

மழை விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர். மண்டியில் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றினோம். காத்திவாக்கத்தில் இன்னும் அதிகமாக இருக்கும். அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்குமோ என்று நினைத்தேன். உடனே, சார்ட் பேப்பர் நனைந்திருக்குமோ என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று எழுத விருப்பமில்லை.

அக்டோபர் 27, திங்கள்

முகம் வந்துவிட்டது.

நனையவில்லை. பரணில் வைத்திருந்தாளாம்.

மதியம் பெஞ்சு மேல் விரித்தாள். யாரோ ஒருத்தி, “அய்யோ, மூடுடி,” என்றாள்.

கோரைப்பல் இல்லை. ரத்தம் இல்லை. வாய் மூடியிருக்கிறது. தாடை கொஞ்சம் தாழ்ந்து, கண் கீழிருந்து மேலே பார்க்கிறது. இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சிறுத்திருக்கிறது. கோபம் இல்லை. பசி மாதிரி. உன்னிடம் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் அந்தக் கண் போகாது என்று தெரிகிறது. நாம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. ஒரு சின்னப் பெண் முகம், அவ்வளவுதான். ஆனால் நான்கு இதழ்களில் நான் போட்ட பல்லெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு கண்ணுக்கு ஆகாது.

எனக்கே பயமாக இருந்தது. என் சாம்பல்காரி. நான் நினைத்தவள் இவள்தான். என்னால் கொண்டுவர முடியாதவள்.

ஜானட் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்ல,” என்றாள். “இதான் முன்னட்ட. உன்னது பின்னட்ட. சரியா செல்வி?”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? குரல் நன்றாகத்தான் வந்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

பின்னட்டை.

அக்டோபர் 31, வெள்ளி

ஜானட்டுக்குக் காய்ச்சல். போனில் குரலே வரவில்லை. இரண்டு படங்களும் அவள் வீட்டில் இருக்கின்றன. நாளை நான் போய் எடுத்துக்கொண்டு பிரஸ்ஸில் கொடுக்க வேண்டுமாம். சித்தப்பா வெளியூர். தௌசீஃப் அண்ணன் என்று கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவர் இருப்பார்.

“எது முன்னால, எது பின்னாலன்னு சொல்லிடு. அவருக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள்.

அவருக்கு ஒண்ணும் தெரியாது.

இந்த வரியை எழுதிவிட்டு வெகு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு வாக்கியம். இது முன்னால், அது பின்னால். அடித்த பிறகு மாற்ற முடியாது. அவசரத்தில் தப்பாகக் கேட்டுவிட்டார் என்றால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் இன்னொரு முறை இடம் கிடைக்காது.

நூலகத்து வாசலில், கலரில், என் காளியாத்தா.

நவம்பர் 1, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ராயபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நல்ல மழை. படங்கள் இருந்த பிளாஸ்டிக் குழாயைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். பிரஸ்ஸுக்குள் மை வாசனை. சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் மாதிரிக்கு ஒட்டியிருந்தார்கள். தௌசீஃப் அண்ணன் டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் மழைத் தண்ணீர், எதுவும் தெரியவில்லை. கழற்றித் துடைத்துக்கொண்டே, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்:

“அண்ணா, பல்லு வச்ச படம் முன்னட்டை. இன்னொண்ணு பின்னட்டை.”

அவர் இரண்டையும் மேசையில் விரித்தார். கன்னியம்மாவின் படத்தில் நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பன்னைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா இது. உன் மூஞ்சிய இங்க வச்சிகினு, வேற எத்தயோ முன்னால போடச் சொல்றியே?”

“என் மூஞ்சியா?”

“பின்ன யாரு? அப்டியே உரிச்சி வச்சாமாதிரி கீது. இதோ, இப்ப பாக்குற பாரு, இதே பார்வ.”

கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. பக்கத்தில் போனேன். மூக்குக் கண்ணாடி இல்லாததால் இன்னும் பக்கத்தில். தாடை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இடது கண் சிறுத்திருந்தது. வாய் மூடியிருந்தது.

அது நான்தான். என் முகத்தை நான் எப்போதும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்கிறேன், சிரித்து, பொட்டு சரியாக இருக்கிறதா என்று. கன்னியம்மாவைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத்தான் தெரியும். இத்தனை நாளும் நான் அவளை வேவு பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

வகுப்பு முழுக்கப் பார்த்திருக்கிறது. ‘மூடுடி’ என்று சொன்னவள் உட்பட. ஜானட்டுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

காது எரிந்தது. அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். என் கையில்தானே இருந்தது.

“இன்னாம்மா, எது முன்னால?” என்றார் தௌசீஃப் அண்ணன்.

“இதுதான்,” என்றேன். “நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பெருந்தன்மையா? இல்லவே இல்லை. பஸ்ஸில் வரும் வழி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். என் முகம் பின்னட்டைக்குப் போவதா?

இன்னொன்றும் நடந்தது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியதும் தலைப்பு கேட்டார். உச்சியில் இடம் இல்லை. மேலே போட்டால் எழுத்து என் கண் மேல் விழும். நான் பதறுவதற்குள் அவர் பாட்டுக்கு முகத்தை மேலே ஏற்றி, கீழே கறுப்புப் பட்டை போட்டு, அதில் வெள்ளை எழுத்தில் ‘சாம்பல்காரி பார்க்கிறாள்’ என்று அடித்துவிட்டார். பக்கத்தில் ‘தோற்றம்’, ‘மறைவு’ என்றும் வந்து நின்றது.

“அடச்சே!” என்று அவற்றை அழித்தார். “நாளெல்லாம் அஞ்சலி போஸ்டர் போட்டுப் போட்டு, மூஞ்சின்னு ஒண்ணு வந்தாலே கை பேரைக் கீழதான் போடுது. மேல மாத்தட்டா?”

வேண்டாம் என்றேன். சுவரில் செத்துப்போனவர்கள் எல்லாம் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அது சரியாகப் பொருந்தியிருந்தது.

மூலையில் இருந்த அவள் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இல்லை. நேரம் இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

காலையில் முதல் வேலையாகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

“என் மூஞ்சியை எதுக்குப் போட்ட?”

கன்னியம்மா இட்லியை விழுங்கினாள். “கண்டுபிடிச்சிட்டியா? அந்த ஜானட்டு, ‘அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது’ன்னு பந்தயம் கட்டிகிறா.”

“எதுக்குப் போட்டன்னு கேக்குறேன்.”

“மாடல் வேணும்ல? மத்தவளுங்கள்லாம் ஆடிகினே இருக்காளுங்க. இந்தக் கிளாஸ்ல ஒரே இடத்த அம்மாம் நேரம் அசையாமப் பாக்குறது நீ ஒருத்திதான்மே. அதுவும் என்னையே. ஷோக்கா உக்காந்த தெரியுமா?”

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இறாலைப் பற்றிச் சொன்னதும் இதே குரலில்தான்.

“நான் ஏன் பாக்குறேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதுக்கு இன்னா இப்ப?” டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினாள். “துன்னு.”

தின்னவில்லை. சட்னி நன்றாக இருக்கும் போலத் தெரிந்தது.

நவம்பர் 8, சனி

அட்டைகள் வந்துவிட்டன. ஜானட்டும் நானும் எங்கள் வீட்டில் வைத்துப் பின் அடித்தோம். ஜானட் காய்ச்சல் தேறி, மெலிந்து போய் வந்திருந்தாள். பந்தயத்தில் தோற்றதற்கு என்னைத் திட்டினாள். அட்டை பிரமாதம். அந்தச் சாம்பல் நிறம் அச்சில் இன்னும் ஆழமாக வந்திருக்கிறது. வலது மூலையில் கையெழுத்து இல்லை. ‘கன்’ என்பதன் பாதி மட்டும் ஒரு கொக்கி போல நிற்கிறது.

ஜானட் அதைக் கவனிக்கவில்லை. நான் அதையேதான் பார்த்தேன்.

அம்மா காபி கொண்டுவந்தாள். ஒரு பிரதியைக் கையில் எடுத்தாள். டம்ளர் கவிழ்ந்தது.

“ஏட்டி! இது என்னட்டி இது! உசுரோட நிக்குத புள்ளய அஞ்சலி நோட்டீசு மாதிரி அடிச்சி வச்சிருக்காளுவ! யாருட்டி இதப் போட்டது? அடுப்புல போடுதேன் எல்லாத்தையும்!”

அழவே ஆரம்பித்துவிட்டாள். உப்பு மிளகாய் எடுத்து எனக்குச் சுற்றிப்போட்டாள். பக்கத்தில் இருந்த பாவத்துக்கு ஜானட்டுக்கும் ஒரு சுற்று. நெடியில் மூவரும் இருமினோம். சத்தம் கேட்டு அப்பா மண்டியிலிருந்து வந்தார். அட்டையைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“ஏளா, நீயா இது?”

தலையாட்டினேன்.

“யப்பா... என்ன பார்வ பாக்கா பாரு,” என்றார். ஒரு பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் மண்டிப் பக்கம் போனேன். வாசலில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில், நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை இருந்த ஆணியில், இப்போது நான் தொங்குகிறேன். பாலித்தீன் கவர் போட்டிருக்கிறார், மழைக்கு.

அம்மாவிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: “எவன் கண்ணு நம்ம கடை மேல பட வரும், சொல்லு? இவ பாத்தா அவன் திரும்பிப் போயிருவான்லா.”

அம்மா அதற்குப் பிறகு எதிர்க்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நூலக மேசை முடிந்தது. கை மரத்துப்போயிருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

கன்னியம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா அப்பா தம்பி தங்கை எல்லோரையும் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறாளாம். தன் பெயர் அச்சில் வந்திருப்பதைக் காட்ட. பிரதிகள் எங்கள் வீட்டிலேயே இருந்ததால், அச்சடித்த அட்டையை இன்றுதான் அவள் முதல் முறையாகப் பார்க்கிறாள். கையில் எடுத்தாள். சிரித்தாள். கீழே மூலைக்குப் போனாள். இன்னொரு பிரதியை எடுத்தாள். இன்னொன்று.

“எம் பேரு எங்க?”

உள் பக்கத்தில் இருக்கிறது என்று ஜானட் திருப்பிக் காட்டினாள். ‘அட்டை ஓவியம்: கன்னியம்மா.’ ஜெராக்ஸில், சின்னதாக, மங்கலாக.

“உள்ள எவன் பாப்பான்? அட்டைல போட்டேனே.”

“வெட்டும்போது போயிடுச்சு,” என்றேன். “விளிம்பில போட்டா போயிடும்.”

என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். “போயிடும்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்ல வாய் திறந்தேன். “தெரியும்.”

அவள் மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்து, பிரதிகளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றிலும் முகத்தின் நெற்றியில் — என் நெற்றியில் — பட்டையாக எழுத ஆரம்பித்தாள். கன்னியம்மா. கன்னியம்மா. கன்னியம்மா. ஜானட் தடுக்கப் போனாள். விடு என்றேன்.

பிறகு கூட்டம் வந்தது. யாரோ ஒரு குட்டிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கண்ணாடியைக் கழற்றினேன். வீல் என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஓடி, இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். “அக்கா, நீதான் பேயா?” “அக்கா, ஒரு தரம் பாரேன்!” “அக்கா, எங்க அண்ணன மட்டும் பாரு!” காலேஜ் பெண்கள் என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். நூலகரும் எடுத்தார். வரைந்தது இவள் என்று ஜானட் கையைக் காட்டினால், ‘அப்படியா’ என்று ஒரு தலையாட்டல். உடனே மறுபடி என் பக்கம். அவள் வீட்டார் வந்தார்கள். அவள் தம்பியும் என்னோடுதான் போட்டோ எடுத்துக்கொண்டான்.

எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

கொஞ்சம் கூட்டம் குறைந்தபோது கழுத்தில் ஏதோ ஊர்வது போல இருந்தது. திரும்பினேன். கன்னியம்மா மேசையின் அந்தக் கோடியில், மார்க்கர் மூடியைக் கடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் அது வேறு மாதிரி இருக்கிறது. அவளுக்குக் கண் சிறுக்கவில்லை, விரிகிறது. மூக்கு நுனி வெளுக்கிறது. கீழுதடு கொஞ்சம் உள்ளே மடிந்து, கன்னத்தில் ஒரு குழி — சிரிக்கும்போது வரும் அதே குழி, இப்போது சிரிப்பில்லாமல். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

பையில் பென்சில் இருந்தது. ஒரு பழைய ஜெராக்ஸ் தாளைத் திருப்பி வைத்தேன். மேலே கால் பங்கை விட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

“இன்னாமே பண்ற?” என்றாள்.

“ஆடாதே,” என்றேன். “அப்படியே பாரு.”